ஓயாத செக்கும் கறவை நேரமும்

செஸ் விளையாட்டில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவன் தோற்கப்போகிறான் என்று பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுடைய காய்கள் பாதிக்கு மேல் போய்விட்டன. ஆனால் ராணி மட்டும் கையில் இருக்கிறது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எதிராளியின் ராஜாவுக்கு செக் வைக்கிறான். ராஜா நகர்கிறது. மறுபடி செக். மறுபடி நகர்கிறது. ராஜாவைப் பிடிக்கவும் முடியாது, ராஜா ஒளியவும் இடமில்லை. எதிராளி கையில் எத்தனை காய் இருந்தாலும் அதில் ஒன்றைத் தொட அவனுக்கு நேரம் கிடைக்காது. எங்கள் வீட்டில் இதற்கு ஓயாத செக் என்று பெயர். என் கறவை மாடும் கிடாரியும் இருப்பதா போவதா என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஓயாத செக்கில் வந்து மாட்டிக்கொண்டது.

நான் செஸ் விளையாடுவேன் என்றால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். படித்தது மூன்றாவது வரை. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். செஸ்ஸில் எழுத்துக்கு என்ன வேலை? என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் அப்படித்தான், வருஷத்தில் முக்கால்வாசி மாதம் வடக்கே எங்காவது போர் போட்டுக்கொண்டிருப்பார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு காட்டில் கம்ப்ரசர் பழுதாகி, சாமான் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் இவர் செஸ் கற்றுக்கொண்டார். அங்கே அவர்கள் சொன்ன பெயர்களோடேயே ஆட்டத்தைக் கொண்டுவந்தார். அதனால் எங்கள் வீட்டில் ஓரத்தில் நிற்பது யானை. மற்றவர்கள் பிஷப் என்று சொல்வது எங்களுக்கு ஒட்டகம்.

மழைக்காலத்தில் ரிக் வண்டிகள் ஊருக்குத் திரும்பிவிடும். வீட்டில் இருக்கும் மாதங்களில் அவருக்கு விளையாட ஆள் வேண்டும். அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது மழைக்காலத்திலேயே நான் அவரைத் தோற்கடித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் ரிக் வண்டிச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்.

ஊர் உலகத்தில் ஓயாத செக் வந்தால் ட்ரா என்பார்கள். ஒரே நிலை மூன்று முறை வந்தால் யாருக்கும் வெற்றியில்லை, தோல்வியில்லை. ரிக் வண்டி ஆட்களிடம் ட்ரா கிடையாது. செக் போய்க்கொண்டே இருக்கும், ராஜா நடந்துகொண்டே இருக்கும், யார் முதலில் பலகையை விட்டு எழுந்திருக்கிறாரோ அவர் தோற்றார். டிரில்லர் கூப்பிட்டால் போய்த்தானே ஆக வேண்டும். யாருடைய முறை முன்னால் வருகிறதோ அவர் எழுந்திருப்பார், தோற்பார். அது அங்கே நியாயமாக இருந்திருக்கும். என் வீட்டில் அடுப்பு என் பக்கம் அல்லவா இருந்தது? நான் உலை வைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும், அவருடைய ராணி புறப்பட்டுவிடும்.

“சோறு குழையுதாட்ட இருக்குது புள்ளெ.”

“செக்கை நிறுத்துங்க, நான் போயி வடிக்கறேன்.”

“நிறுத்தறதுக்கா வெச்சேன்? எந்திரிச்சுப் போ.”

குழைந்த சோற்றை எத்தனை நாள் அவருக்குப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பிறகு நானும் தெளிந்தேன். சோற்றை வடித்துவைத்துவிட்டுத்தான் பலகையை எடுப்பேன். அதிலிருந்து அவர்தான் பீடிக்கு எழுந்திருப்பார். அவர் போய்ச்சேர்ந்த பிறகும் அந்தச் சட்டத்தை நான் விடவில்லை. மகனோடு விளையாடும்போதும் இந்த வீட்டில் அதுதான் சட்டம்.

மகன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேற்பார்வை. மருமகள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் தோட்டத்துக்கு வருவார்கள். மற்ற நாட்களில் எனக்குப் போனில் ஒரு செஸ் இருக்கிறது, மகன் போட்டுக் கொடுத்தது. அதனிடம் தோற்பதில் எனக்கு வெட்கமில்லை. தோற்றபிறகு அது ஒரு வார்த்தை பேசாது. மனிதர்கள் அப்படியா?

போன ஐப்பசி மழையில் மாடு கட்டும் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டிருந்த நாளெல்லாம் பக்கத்துத் தோட்டத்துப் பெண் வந்து கறந்துகொடுத்தாள். கட்டு அவிழ்த்தபின் நானே கறக்க ஆரம்பித்தேன். கை கொஞ்சம் தாமதிக்கும், அவ்வளவுதான். சிந்து மாடு ஒன்று, அதன் கிடாரி ஒன்று. காலையும் மாலையும் கறந்து பால் சொசைட்டிக்கு நானே கொண்டுபோவேன். ஆனால் மகனுக்கு அன்றிலிருந்து ஒரே பேச்சு. மாட்டை விற்க வேண்டும். நான் முடியாது என்பேன். அவன் என் கையைக் காட்டுவான். நான் மாட்டின் மடியைக் காட்டுவேன். அடுத்த ஞாயிறும் அதே பேச்சு, அதே இடத்தில் போய் நிற்கும்.

கடைசியில் அவனுக்குச் சலித்துவிட்டது.

“ஏனுங்கம்மா, பேசிப் பேசி எனக்கு வாயே வலிக்குதுங்க. ஒரு ஆட்டம் போடலாம். நீங்க ஜெயிச்சீங்கன்னா மாட்டைப் பத்தி நான் வாயே தொறக்கறதில்லை. நான் ஜெயிச்சேன்னா ரெண்டையும் வித்துப்போடோணும்.”

“பொறவு பேச்சு மாறக்கூடாது.”

“நான் மாற மாட்டேனுங்க. நீங்கதான்…”

“நானா? உங்கப்பன் மாறுவாரு. நான் எப்படா மாறியிருக்கேன்?”

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பலகையை விரித்தோம். மருமகள் தன் போனை எடுத்து வைத்துக்கொண்டாள். நாங்கள் வைக்கும் ஒவ்வொரு காயையும் அவள் போனில் வைப்பாள். யார் எவ்வளவு மேலே இருக்கிறார் என்று அது ஒரு பட்டையில் காட்டும், பக்கத்தில் ஒரு எண்ணும் வரும். மேட்டூர் அணையில் தண்ணீர் எவ்வளவு என்று தினம் சொல்கிறார்களே, எனக்கு அந்த ஞாபகம்தான். காயை வைத்த பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும், வைப்பதற்கு முன்னால் சொல்லக்கூடாது என்று மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

ஆட்டம் எனக்கு நன்றாகப் போனது. சுயபுராணம் என்று நினைக்க வேண்டாம். மகன் பட்டறைக்காரன், அடிக்கிற வேகத்தில் யோசிப்பது கொஞ்சம் குறைவு. என் குதிரை புகுந்து அவனுடைய யானை ஒன்றைத் தட்டிக்கொண்டு வந்தது. பிறகு ஒட்டகம் ஒன்றும் எனக்குக் கிடைத்தது.

“எட்டுங்கத்தெ. உங்களுக்கு எட்டு காட்டுது.”

“எதுக்கு எட்டு?”

“எட்டு சிப்பாய்க்குச் சமமா நீங்க மேல இருக்கறீங்கன்னு அர்த்தம்.”

மகன் தலையைச் சொறிந்தான். அவன் அப்படிச் சொறிந்தால் எனக்குப் பெருமை தாங்காது.

அந்த நேரத்தில் என் கை ஒட்டகத்துக்குத்தான் போனது. என் ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு வழி திறந்து கிடந்தது. ஒட்டகத்தை ஒரு கட்டம் நகர்த்தினால் அடைத்துவிடலாம். ஆனால் அவனுடைய சிப்பாய் ஒன்று ஓரத்தில் காவலில்லாமல் நின்றது. என் ராணி போய் எடுத்துக்கொள்ளலாம். எட்டு காட்டுகிறது, எனக்கு என்ன பயம் என்று நினைத்தேன். ஒட்டகத்தை விட்டுவிட்டுச் சிப்பாயை எடுத்தேன்.

“ஒம்போதுங்கத்தெ!”

மகன் ராணியை எடுத்து செக் வைத்தான். என் ராஜா நகர்ந்தது. மறுபடி செக். நகர்ந்தேன். பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு என் ராஜா நடக்கிறது. அந்தப் பக்கம் போனால் என் சிப்பாய்களுக்குப் பின்னால் ஒளியலாம் என்று எனக்கு நினைப்பு. போனுக்கும் அதே நினைப்பு போலிருக்கிறது. ஒன்பது ஒன்பது என்றே காட்டிக்கொண்டிருந்தது. இதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துகொண்டு வருகிறது என்று மருமகள் சுவரோரம் போய் ஒயரைச் செருகினாள். போனில் எதையோ மாற்றினாள். பிறகு “அச்சச்சோ” என்றாள்.

“என்ன அச்சச்சோ?”

“பூஜ்யமுங்கத்தெ.”

“யாருக்குப் பூஜ்யம்?”

“ரெண்டு பேருத்துக்குமேதான். ட்ராவுன்னு காட்டுது.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைத் தூக்கித் தொட்டியில் போட்டிருப்பேன். என்னிடம் யானை இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது, காய் ஒன்றும் குறையவில்லை. இப்போதுதான் ஒன்பது என்று சொன்னது. ஒரு கடைக்காரன் இப்படித் தராசைப் பிடித்தால் விட்டுவிடுவோமா?

மருமகள் பொறுமையானவள். ஒயர் எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள்.

“அது முதல்ல மனசுக்குள்ள ஆடிப் பாக்குமுங்க. நீங்க இங்க போனா அவரு அங்க செக் வெப்பாரு, நீங்க அங்க போனா அவரு இங்க வெப்பாருன்னு. எவ்வளவு தூரம் போயிப் பாக்க முடியுதோ அவ்வளவு தூரம் போயி நின்னுக்கும். நின்ன எடத்துல காயை எண்ணும். எண்ணுனா உங்களுக்குத்தான் காய் ஜாஸ்தி. அதான் ஒம்போது.”

“சரி. இப்ப?”

“சார்ஜ் கம்மியா இருந்துச்சுன்னு கொஞ்ச தூரம் பாத்தாப் போதும்னு நான் வெச்சிருந்தனுங்க. இப்ப இன்னும் ஆழமாப் போயிப் பாத்திருக்குது. எந்தப் பக்கம் நடந்தாலும் ராஜா முன்ன நின்ன எடத்துக்கே வந்து நிக்குது. அப்பிடி வந்த எடத்துக்கே திரும்பி வந்துட்டா, பொறவு அது காயை எண்ணவே எண்ணாது. பூஜ்யம்னு போட்டுரும்.”

“ஒருக்கா திரும்பி வந்ததுமா? சட்டம் மூணு தடவைன்னு சொல்றாங்களே.”

“ஆட்டத்துக்குத்தான் மூணு தடவை. அது மனசுக்குள்ள ஒருக்கா வந்தாலே போதும். இந்தச் சுத்துல வேற வழி கெடைக்கலைன்னா அடுத்த சுத்துலயும் கெடைக்காதுன்னு அதுக்குத் தெரியுமுங்க.”

எனக்கு அது உடனே புரிந்தது. என் வீட்டுக்காரர் சொல்வார், போர் போடும்போது மேலாக ஈரம் தட்டினால் தோட்டத்துக்காரர் தண்ணீர் வந்துவிட்டதென்று அப்போதே வண்டிக்கு மாலை வாங்க ஆள் அனுப்பிவிடுவாராம். இன்னும் நாலைந்து ராடு இறக்கினால் வெறும் புழுதி புகைந்துகொண்டு வருமாம். மேலே பார்த்தது பொய்யில்லை. ஈரம் இருந்தது. ஆனால் அது தண்ணீர் இல்லை. என்னுடைய ஒன்பதும் அப்படித்தான். புரிந்ததே தவிர ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

“வேணும்னா இதுல ஒரு சமாச்சாரம் இருக்குதுங்கத்தெ” என்றாள் மருமகள். “எளைச்சவங்ககிட்ட ட்ரா பண்றது கேவலம்னு அதுக்குச் சொல்லி வெக்கலாம். அப்ப ட்ரா வர்ற வழியைக் கண்டா, அது பூஜ்யத்துக்கும் கீழன்னு நெனைச்சுக்கிட்டு வேற வழி தேடும்.”

மகன் சிரித்துவிட்டான். “அதை எங்கம்மாவுக்குத் தனியாச் சொல்லி வெக்க வேண்டியதில்லை. பொறந்ததுல இருந்தே அப்பிடித்தான்.”

பிறகு அவன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “ட்ரான்னு வெச்சுக்கலாமுங்கம்மா. மூணு தடவைக்கு மேலயே வந்தாச்சு. மாட்டைப் பத்தி அடுத்த மாசம் பேசிக்கலாம்.”

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அந்த இடத்தில் நான் சரி என்றிருக்க வேண்டும். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று மாடு என்னிடமே இருந்திருக்கும். ஆனால் ஒன்பது என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்டதே. அதை விட்டுவிட்டுப் பூஜ்யத்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கை நீளவில்லை.

“இந்த ஊட்டுல ட்ரா கெடையாது. உனக்குத் தெரியாதா?”

“அப்பன் சட்டமுங்களா?”

“அதேதான். நீ செக் வெச்சுக்கிட்டே இரு. நான் நடந்துக்கிட்டே இருக்கறேன். சலிச்சு எந்திரிக்கறது யாருன்னு பாத்துரலாம்.”

மகன் ஒரு தலையணையை இழுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டான். மருமகள் வறுத்த கடலைக்காய் கொண்டுவந்து வைத்தாள். அவன் உரித்துத் தின்றுகொண்டே செக் வைத்தான். நான் நகர்ந்தேன். நான் அவனைவிடப் பொறுமைசாலி. எனக்குச் சோறு வடிக்க வேண்டியதில்லை, பகல் சாப்பாடு முடிந்தது. அவன்தான் நாமக்கல் போக வேண்டியவன். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். என் ராஜா வலமும் இடமும் நடந்தது. கடலைக்காய்த் தொலி பலகையைச் சுற்றிக் குவிந்தது.

அப்போது கட்டுத்தரையிலிருந்து மாடு கத்தியது.

மகன் தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. அப்பனுடைய அதே சிரிப்பு.

“கறவை நேரமாச்சுங்களே அம்மா.”

“ஆனா ஆகுது. செக் வெய்யி.”

“மடி கட்டிக்குமுங்க.”

“நீ போயிக் கற.”

“நான் எந்திரிச்சா நான் தோத்தனுங்களே.”

மருமகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் வேணா போயிப் பாக்கட்டுங்களா?” என்றாள். அவள் பட்டணத்தில் வளர்ந்தவள், மாட்டின் அருகில் நின்றதுகூட இல்லை. தைரியமாகத்தான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் உருண்டு போகிற சத்தம் கேட்டது. “அத்தெ, அது என்னைய ஒரு மாதிரி பாக்குதுங்க!” என்று அங்கிருந்தே கத்தினாள்.

நானும் மகனும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவன் செக் வைத்தான். நானும் நகர்ந்தேன்.

மாடு மறுபடியும் கத்தியது. இந்த முறை கத்தல் வேறு மாதிரி இருந்தது. கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். முதலில் கத்துவது கூப்பிடுவதற்கு. இது வலிக்கு. மருமகளின் போன் சுவரோரத்தில் இன்னும் பூஜ்யம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. எவ்வளவு ஆழம் போய்ப் பார்த்தாலும் அதற்கு என் கட்டுத்தரை தெரியப்போவதில்லை. பலகையில் இரண்டு பேரும் சமம். இந்த வீட்டில், அந்த நேரத்தில், ஆட்டம் மகனுடையது. என் சட்டம்தான் அவனுக்கு அதைக் கொடுத்தது.

நான் எழுந்தேன்.

உட்கார்ந்த காலை நீட்டி, சேலையை உதறிச் செருகிக்கொண்டு, நேராகக் கட்டுத்தரைக்குப் போனேன். மருமகள் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாள். மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டு உட்கார்ந்தேன். கை கொஞ்சம் தாமதித்தது. ஆனாலும் முழுக்கக் கறந்தேன், ஒரு சொட்டு விடவில்லை.

சொசைட்டிக்குக் கேனை மகன் தூக்கிக்கொண்டு வந்தான். வரப்பில் எனக்கு முன்னால் நடந்தபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

“அம்மா, ட்ராவாவே வெச்சுக்கலாமுங்க. போன்லயும் பூஜ்யந்தானே காட்டுச்சு.”

“போனா உக்காந்து வெளையாடுச்சு?”

“இல்லீங்க, மாடு கத்துச்சுன்னுதானே எந்திரிச்சீங்க. அது தோத்ததுல சேத்தியா?”

“சோறு குழையுதுன்னு எந்திரிச்சப்ப உங்கப்பன் எனக்கு ட்ராக் குடுத்தாரா? எந்திரிச்சது நானு. தோத்தது நானு. மாடு வாங்க ஆளைப் பாரு.”

“கோவத்துல சொல்றீங்க.”

“கோவமெல்லாம் இல்லை சாமி. நல்ல ஆளாப் பாரு, அவ்வளவுதான். கறக்கும்போது பாட்டுப் போட்டுக்கிட்டு, தடியை வெச்சுக்கிட்டு நிக்கற ஊட்டுக்குக் குடுக்க மாட்டேன்.”

ஆத்தூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வந்தார்கள். அந்தப் பெண் மாட்டின் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் காது மடலுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. மாட்டையும் கிடாரியையும் சேர்த்தே கொடுத்தேன். கொடுக்கும்போது எங்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு புதுக் கயிறு மாற்றிக்கொடுப்பதுதான் வழக்கம். பழைய கயிறு வீட்டிலேயே இருக்க வேண்டும். அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். வண்டி ஏறும்போது மாடு தயங்கியது. கிடாரி முன்னால் ஏறியதும் அதுவும் ஏறிவிட்டது.

அந்த வாரம் சாயங்காலத்தில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கறவை நேரம் வந்ததும் கால் தானாக எழுந்து நிற்கும். நின்ற பிறகுதான் போக இடமில்லை என்று தெரியும். மறுபடி உட்காருவேன். போனில் விளையாடினேன். அதனிடம் இரண்டு ஆட்டம் தோற்றேன், ஒரு ஆட்டத்தில் ஓயாத செக் வைத்து ட்ராச் செய்தேன். அது வாய் திறக்காமல் ஒப்புக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் வந்தார்கள். மகன் வெறுங்கட்டுத்தரைப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தான். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். விற்க வைத்தவனே அவன்தான், இப்போது அவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. கை கழுவியதும் நான் பலகையை விரித்தேன்.

“இன்னைக்கு வேண்டாமுங்கம்மா. பொழுதோட கெளம்போணும். பட்டறைல காலைல வண்டி டெலிவரி இருக்குது.”

“பொழுதுக்கு இன்னும் நேரமிருக்குது. உக்காரு.”

மருமகள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: “பந்தயம் என்னங்கத்தெ?”

“கெடேரிக் கன்னு ஒண்ணு. நான் ஜெயிச்சா இவன் வாங்கித்தரோணும். கன்னைக் கறக்கோணும்னு இல்லை, கை வலிக்குதுன்னு யாரும் பேச முடியாது.”

“நீங்க தோத்தா?”

“தோத்தா உங்களோட நாமக்கல்லுக்கு வந்து ஒரு மாசம் இருக்கறேன். கூப்புட்டுக்கிட்டேதானே இருக்கறீங்க.”

மகன் என்னையும் பலகையையும் பார்த்தான். “ட்ரா ஆனா?” என்றான்.

“ட்ரா எங்கிருந்து வந்துச்சு?” என்றேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். நான் காய்களை அடுக்கினேன். எனக்கு எழுந்திருக்க ஒரு வேலையும் இல்லை. ராணிக்கு வழி விட்டு முதல் சிப்பாயை நகர்த்தினேன். மகன் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.